15 இஞ்சிலிருந்து 16க்கு மாறுகிறேன்: 195ஆ, 205ஆ?

நண்பர்களே, என் ஹேட்ச்பேக்கில் இருப்பது 185/65 ஆர்15 டயர் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65%, ரிம் விட்டம் 15 இஞ்ச்), 5.5 இஞ்ச் அகல ரிம். 16 இஞ்ச் அலாய் போட ரொம்ப நாள் ஆசை. 195/55 ஆர்16 போட்டால் விட்டம் அதே 621 மி.மீ. தான், ஸ்பீடோமீட்டர் பிசகாது; 205/55 என்றால் 10 மி.மீ. கூடும், ஆனால் பார்க்க அதுதான் கம்பீரம். உண்மையான கவலை ஆஃப்செட்தான், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகப்பு வரை உள்ள தூரம் (மி.மீ.); அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். பழைய ரிம்மில் 45, மனசுக்குப் பிடித்த அலாய் 6.5 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 38, கணக்குப் போட்டால் ரிம் விளிம்பு கிட்டத்தட்ட 20 மி.மீ. வெளியே தள்ளி வருகிறது. பின்சீட்டில் மூன்று பேரோடு பள்ளத்தில் இறங்கினால் ஃபெண்டர் ஓரம் டயரில் உரசுமா? இப்போதே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன்சக்கரத்துக்கும் உள்லைனருக்கும் (சக்கர வளைவின் உள்பக்க பிளாஸ்டிக் உறை) நடுவே இரண்டு விரல்தான் நுழைகிறது. அப்புறம், அலாயின் நடு ஓட்டை ஹப்பைவிட (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பெரிது. இடைவெளியை அடைக்க ரிங் போட்டால் அதிர்வு வராதா? போட்டு ஓட்டியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.