ரியோஹா ஒயினில் கொப்பரை மணம்: உங்களுக்கும் அடித்ததா?

ஸ்பெயினின் பில்பாவோவிலிருந்து பஸ் பிடித்து, ரியோஹா ஒயின் பகுதியிலுள்ள ஆரோ என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். திரோன் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் ரயில் நிலையம். அதைச் சுற்றி நூறாண்டு தாண்டிய ஒயின் கூடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. திராட்சைத் தோட்டம் அருகில் இருப்பதால் அல்ல, தண்டவாளம் அருகில் இருப்பதால்! 1863-இல் இங்கே ரயில் வந்தது. பிறகு பிரான்சில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி வேரை அரித்துத் தோட்டங்களை அழிக்க, போர்தோ வணிகர்கள் சரக்குத் தேடி வந்தார்கள். கூடத்திலிருந்து பீப்பாயை உருட்டினால் ரயில், ரயிலில் ஏற்றினால் பில்பாவோ துறைமுகம். 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயும் போர்தோ வழியாக வந்த பழக்கம்தான்.

நிலவறையில் ஒரு காட்சி. ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வண்டலைப் பிரிக்கிறார்கள். வேலை செய்பவர் ஒரு கையில் கோப்பை, மறு கையில் மெழுகுவர்த்தியோடு குந்தியிருந்தார். கோப்பையில் பிடித்த ஒயினுக்குப் பின்னால் சுடர் தெளிவாகத் தெரியும்வரை ஓடவிட்டார். சுடர் லேசாகக் கலங்கியதுதான் தாமதம், துளையை அடைத்துவிட்டார்.

கடைசியில் கிரான் ரெசெர்வா என்ற முதிர்ந்த ஒயின் வகையை ஊற்றினார்கள். குறைந்தது ஐந்தாண்டு முதிர்ந்திருக்க வேண்டும். அதில் இரண்டாண்டாவது ஓக்கில். மூக்கருகே கொண்டுபோனதும் சிரித்துவிட்டேன். வெயிலில் காயவைத்த கொப்பரை! பாட்டி வீட்டு மொட்டை மாடியேதான். நிறமோ வெளிறிய செங்கல். தண்ணீர் கலந்ததா என்று கேட்டும் தொலைத்தேன். சுற்றிக்காட்டிய பெண்மணி கோபப்படாமல், வயதாக ஆகச் சிவப்பு ஒயினின் நிறம் வெளிறும் என்றார். கொப்பரை மணம் அமெரிக்க ஓக்கின் கைங்கரியமாம். இன்று பிரெஞ்சு ஓக்குக்கு மாறியவர்கள் உண்டு. பழைய கூடங்கள் சில மாறவில்லை. 1877-இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியாவில் இன்றும் பீப்பாயைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

*

அண்ணா, அதே ஆரோவில் நான் ஒயினைக் குடித்ததைவிடக் குளித்ததுதான் அதிகம். ஜூன் 29, புனித பேதுரு திருநாள். காலையிலேயே வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சிவப்புத் துணியுமாக ஊரே பிலிபியோ குன்றுக்கு ஏறுகிறது. மேலே போனதும் தோளில் மாட்டிய மருந்து தெளிப்பானால் ஒருவர் மேல் ஒருவர் சிவப்பு ஒயினைப் பீய்ச்சுகிறார்கள். நம் மஞ்சள் நீராட்டுதான், மஞ்சளுக்குப் பதில் ஒயின். பீப்பாயில் முதிர்ந்த சரக்கை யாரும் இப்படி வீணாக்க மாட்டார்கள் என்பது சட்டை காய்ந்தபோதே புரிந்தது. ஓக் வாசமே இல்லை, புளித்த வாடைதான். கண்ணெரிச்சல் சாயங்காலம்வரை போகவில்லை. போகிறவர்கள் நீச்சல் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

*

கொப்பரை ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு மரம் பேசினால் பழம் வாயை மூடிக்கொள்கிறது. ரியோஹா அலவேசாப் பக்கத்துச் சிற்றூர்களில் பீப்பாயே காணாத இளம் ஒயின் கிடைக்கும். தெம்பிரானியோ திராட்சையைக் காம்போடு குலை குலையாகத் தொட்டியில் போட்டு நொதிக்கவிடுகிறார்கள். அறுவடைக்குச் சில மாதங்களிலேயே குடித்துவிடலாம். ஊதா நிறம், நாவல்பழம் தின்ற நாக்குபோல.

ஆனாலும் ஒரே ஒரு முறை ஓக் என்னை மடக்கியது. ரியோஹாவின் லொக்ரோன்யோ நகரில் லவுரெல் தெரு, சந்து முழுக்க மதுக்கடைகள், நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். ஒரு கடையில் காளான்தான் எல்லாரும் கேட்பது: சுட்டெடுத்த மூன்று காளானை ரொட்டித் துண்டின்மேல் அடுக்கி, உச்சியில் இறால் வைத்துக் குச்சியால் குத்தித் தருகிறார்கள், பூண்டெண்ணெய் சொட்டச் சொட்ட. கூடவே கிரியான்சா என்ற ஒயின் வகை, ஓராண்டாவது ஓக்கில் கிடந்தது. அந்த எண்ணெய்க்கு எனக்குப் பிடித்த இளம் ஒயின் தாங்கவில்லை, இது தாங்கியது. இரண்டாவது தட்டும் வாங்கினேன், இரண்டாவது கோப்பையும்.