கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) சுரங்கத்துல மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்த முடியுமா?

கேட்டவர்: சாம்பியன் ரீஃப் பேரன்

தாத்தா அண்டர்கிரவுண்ட்ல வேலை பார்த்தவரு, வட ஆற்காட்டுல இருந்து வந்த குடும்பம். 2001 பிப்ரவரி 28-ஓட மைன்ஸ மூடினாங்க, அதுக்கப்புறம் ஊர்ல பாதிப் பேருக்கு விடியக்காலைல ட்ரெயின புடிச்சு பெங்களூர் போய் ராத்திரி திரும்பறதுதான் பொழப்பு. 1902-லயே சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்துல இருந்து லைன் இழுத்து கரண்ட் கொண்டுவந்த ஊருங்க இது, மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் போன சுரங்கம், இப்ப ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள்ள எறங்கற செங்குத்துக் குழி) மேல நிக்கற இரும்பு கோபுரம் துருப்பிடிச்சுக் கெடக்கு. ஜெர்மனில எசென் ஊர்ல நிலக்கரி சுரங்கத்தையே யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்த்துட்டாங்கன்னு படிச்சேன். இங்க ஏன் அது நடக்கல?

பதில்: ரூர் தமிழன்

நீங்க சொல்றது ஸோல்ஃபெரைன், நான் அங்க அடிக்கடி போவேன். 1986 டிசம்பர்ல சுரங்கத்த மூடினாங்க, அந்த சமயத்துலயே மாநில அரசு இடத்த வாங்கி, இடிக்கக் கூடாதுன்னு பாதுகாப்பும் குடுத்துடுச்சு, அதான் முக்கியம். யுனெஸ்கோ வந்தது 2001-ல, அதாவது உங்க சுரங்கத்த மூடின அதே வருஷம். நடுவுல அந்த 15 வருஷம் யாரும் கட்டர் வச்சு இரும்ப அறுக்க விடல. நிலக்கரி கழுவின கட்டடம் இப்ப ரூர் மியூசியம், வெளியில நீளமா ஆரஞ்சு கலர் எஸ்கலேட்டர்ல ஏறித்தான் உள்ள போகணும், உள்ள பழைய மெஷின் பலதும் அதே எடத்துல நிக்குது. நிலக்கரிய சுட்டு கோக்குங்கற எரிபொருளாக்கின அடுப்பு வரிசை பக்கத்துல குளிர்காலத்துல பசங்க ஐஸ் ஸ்கேட்டிங் பண்றாங்க. அங்க வேலை பார்த்தவங்களே சுத்திக் காட்டறதும் உண்டு, "இந்த சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது"ன்னு அவங்க சொன்னா அந்த கட்டடத்துக்கே உயிர் வந்த மாதிரி இருக்கும். கேஜிஎஃப்ல அப்படி சொல்லக்கூடிய ஆளுங்களுக்கு வயசாகிட்டே போகுது, அதான் எனக்கு ரொம்ப கவலை.

பதில்: மண்ணும் தண்ணியும்

மியூசியம் நல்லதுதான், ஆனா சயனைட் மலைய என்ன பண்றது? தங்கம் எடுத்த கழிவு மண்ணு ஊர சுத்தி குவிஞ்சு கெடக்கு, காத்தடிச்சா அந்தத் தூசி வீட்டுக்குள்ளயே வருது. ஷாஃப்ட் எல்லாம் தண்ணி நெறஞ்சு போச்சு, அதனால கீழ எறக்கி காட்டறதெல்லாம் நடக்காது, மேல இருக்கறதத்தான் காப்பாத்த முடியும். அதே ஜெர்மனில டூயிஸ்பர்க்ல 1985-ல மூடின இரும்பு ஆலைய பார்க்கா மாத்தினப்பவும் ரொம்ப கெட்டுப்போன மண்ண பழைய பங்கர்குள்ள போட்டு மூடிட்டுத்தான் தோட்டம் போட்டாங்க. இங்க 2024-ல அந்த மலைகள்ல மிச்சம் இருக்கற தங்கத்த எடுக்க கர்நாடக அமைச்சரவை சம்மதம் குடுத்துடுச்சு. வேலை வந்தா சந்தோஷம், ஆனா தோண்டற பணத்துல ஒரு பங்க தூசிய அடக்கவும் கட்டடங்கள நிக்க வைக்கவும் ஒதுக்கணும்னு இப்பவே எழுதி வாங்கலன்னா அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

பதில்: மாரிக்குப்பம் பொண்ணு

அண்ணா, பாரம்பரியம்னு சொன்னா எல்லாரும் வெள்ளைக்காரன் பங்களா, கிளப்புன்னுதான் காட்டறாங்க. தொழிலாளிங்க இருந்த வரிசை வீடு, அந்த லைன் வீட்ட யாரு காட்டுவா? ரெண்டு தலைமுறை அந்த சின்ன வீட்டுக்குள்ளதான் பொறந்து வளந்து, பாறை வெடிச்சா குழாயடில நிக்கறவங்களே பேர் விசாரிச்சுட்டு ஓடுவாங்களாம், எங்க பாட்டி சொல்லும். 1965-ல இந்த சுரங்கத்து ஆழத்துலதான் டாடா இன்ஸ்டிடியூட்காரங்க ஜப்பான், இங்கிலாந்து ஆளுங்களோட சேர்ந்து, வளிமண்டலத்துல உருவாகற நியூட்ரினோங்கற நுண்துகள கருவில பதிவு பண்ணாங்க, அந்த கருவிய எல்லாம் கீழ எறக்குனதுலயும் நம்ம ஆளுங்க கை இருக்கு. ஒரு லைன அப்படியே வச்சு காப்பாத்துங்க, ஆனா குடியிருக்கறவங்களுக்கு மொதல்ல பட்டா குடுங்க, பாதுகாக்கறேன்னு சொல்லி எங்கள காலி பண்ணக் கூடாது.

சாம்பியன் ரீஃப் பேரன்:

தங்கச்சி சொன்னது நெத்தில அடிச்ச மாதிரி இருக்கு, பட்டா விஷயம் எனக்குத் தோணவே இல்ல. நிலம் மத்திய அரசு கம்பெனி கையில இருக்கறதால சுரங்க அமைச்சகத்துக்கும் மாநில தொல்லியல் துறைக்கும் சேர்த்தே மனு போடலாம்னு இருக்கேன், அதுல தூசியும் பட்டாவும் கண்டிப்பா வரும். அதுக்கு முன்னாடி பெரியவங்க பேசறத போன்ல பதிவு பண்ணணும், எந்த ஷாஃப்ட், என்ன வேலை, எந்த லைன்ல வீடுன்னு எல்லாம். வர்ற ஞாயித்துக்கிழமை யாரெல்லாம் வர முடியும்னு இங்கயே சொல்லுங்க.