மறு: 'ரன்னிங் கேக்' – மடக்குப் பகிடி எனலாமா?

வணக்கம்.

ஒரு தொடரில் திரும்பத் திரும்ப வந்து சிரிக்க வைக்கும் பகிடியை ஆங்கிலத்தில் 'ரன்னிங் கேக்' (running gag) என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதிவிட்டுப் போவோம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். 'ரன்னிங் கேக்' என்று எழுதி அலுவலகத்தில் ஒருவரிடம் காட்டினேன். "எந்த பேக்கரி?" என்று கேட்டார். ஆகவே அந்த வழி வேண்டாம்.

> ஓடும் நகைச்சுவை, தொடர் நகைச்சுவை

'படம் நல்லா ஓடுது' என்று சொல்கிற ஊரில் ஓடும் நகைச்சுவை என்றால் எடுபட்ட நகைச்சுவை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தொடர் நகைச்சுவையோ, நகைச்சுவைத் தொடரைத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம்.

> மீள்நகை

அழகான சொல்தான். ஆனால் கிளிநொச்சிச் சந்தியில் இப்படி ஒரு பலகை தொங்கினால், அடைவு வைத்த நகையை மீட்டுத் தருகிறார்கள் என்று சனம் வரிசையில் நிற்கும்.

எனக்கு இவற்றில் உள்ள குறை வேறு. எல்லாமே 'திரும்ப வருகிறது' என்பதோடு நின்றுவிடுகின்றன. திரும்ப வந்தால் மட்டும் போதுமா?

மிஸ்டர் பீனை எடுத்துக்கொள்வோம். 1990 முதல் 1995 வரை வந்த பிரித்தானிய நகைச்சுவைத் தொடர், மொத்தம் 15 பாகம். அதில் ஒரு வெளிர்நீல மூன்று சில்லுக் கார் வரும். ஓட்டுகிறவரின் முகத்தைக் கடைசிவரை காட்டமாட்டார்கள். பீனுக்கு அந்தக் காரில் அப்படி ஒரு வன்மம். ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை. வளைவில் அதைப் பிரட்டிவிட்டுப் போவார், நிறுத்துமிடத்திலிருந்து தள்ளிவிட்டுத் தன் காரை விடுவார். ஒருமுறை பீனே தெருவோரம் நின்று வாகனங்களுக்குக் கைகாட்டுவார். நிற்பது அந்த நீலக் கார். உடனே, நான் கைகாட்டவே இல்லை என்பது போல ஒரு பாவனை!

வன்னியில் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் இதை வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் போட்டுப் பார்த்தோம். எண்ணெய்க் காசு வீட்டுக்கு வீடு சேர்த்தது. பேச்சு இல்லாத படம் என்பதால் ஆச்சிமாரும் இருப்பார்கள். திரையின் ஓரத்தில் நீலம் தெரிந்தவுடன் ஒரு பொடியன் "வந்திட்டுது!" என்பான். இன்னும் ஒன்றுமே நடந்திருக்காது, முற்றம் சிரிக்கத் தொடங்கிவிடும். கார் பிரளும்போது வருவது இரண்டாவது சிரிப்பு. கைகாட்டுகிற இடத்தில் வந்தது மூன்றாவது வகை. பிரளும் என்று பார்த்திருந்தவர்களுக்கு அது பிரளாமல் வந்து நின்றது.

வருவது அதே பொருள், தருவது வேறு அர்த்தம். இதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: மடக்கு. வந்த எழுத்துக் கூட்டமே செய்யுளில் திரும்ப வந்து வேறு பொருள் தந்தால் மடக்கணி என்று அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்கிறது. (சிலேடையோடு குழப்ப வேண்டாம். அது ஒருமுறை வந்து இரண்டு பொருள் தருவது.) அதனால் என் முன்மொழிவு: மடக்குப் பகிடி.

சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 1989இல் தொடங்கியது. அதன் தொடக்கக் காட்சியில் குடும்பம் சோபாவுக்கு ஓடிவரும். சோபா அதேதான், அதில் என்ன நடக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். பாகம் நீளம் குறைந்தால் அந்த இடத்தை இழுத்து நேரத்தை நிரப்புவதும் உண்டு. இதுவும் மடக்குப் பகிடிதான். சவுத் பார்க் என்ற இன்னொரு அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் கென்னி என்ற பையன் முதல் ஐந்து பருவங்களில் அநேகமாக ஒவ்வொரு பாகத்திலும் செத்து, அடுத்ததில் ஒன்றும் நடவாதது போல வந்து நிற்பான். 2001இல் அவனை ஒரேயடியாகச் சாகடித்தார்கள், அடுத்த ஆண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள். சாவைக்கூட அளவாகத்தான் பரிமாற வேண்டியிருக்கிறது.

மாறாமல் திரும்ப வருகிற வசனத்துக்குப் 'பல்லவி வசனம்' என்று தனியே வைக்கலாம். 'அதே பல்லவியைப் பாடாதே' என்று ஏசுவதே நம் வழக்கு, விளங்கப்படுத்தத் தேவையில்லை.

> பகிடி ஈழத்துச் சொல், தமிழ்நாட்டில் பகடி என்றால் வேறு

உண்மை. அங்கே இன்று பகடி என்றால் ஒன்றைப் போலச் செய்து கிண்டலடிப்பது. இங்கே பகிடி என்றால் சிரிக்க வைக்கும் எதுவும். ஆனாலும் பகிடி கலைச்சொல்லாக ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதியவரை வதைப்பதற்குப் 'பகிடிவதை' என்று பத்திரிகைகள் எத்தனை காலமாக எழுதுகின்றன! மதுரை, கோவை அன்பர்களுக்கு ஒத்துவராவிட்டால் 'மடக்கு நகைச்சுவை' என்று எழுதுங்கள், சண்டை இல்லை. மடக்கை மட்டும் விடமாட்டேன்.

– கிளிநொச்சியிலிருந்து

---

மடக்கு என்றால் இங்கே மடக்குக் கத்தி, மடக்குக் கதிரைதான். பிள்ளைகள் அணியிலக்கணம் படித்துவிட்டா தொலைக்காட்சி பார்க்கப்போகிறார்கள்? பல்லவிப் பகிடி என்றே விடலாமே.

– மன்னாரிலிருந்து

---

அண்ணை, கத்தியையும் கதிரையையும் மடக்கலாம், ஆளையும் கேள்வி கேட்டு மடக்கலாம். 'மடக்கி மடக்கிக் கேட்டான்' என்று சொல்லும்போது யாராவது கத்தியை நினைக்கிறார்களா? திரும்பத் திரும்ப, விதம் விதமாகக் கேட்டான் என்றுதானே விளங்குகிறது. அணியிலக்கணமும் உங்களுக்குத் தூரமில்லை. உங்கள் மன்னாரில் இருக்கும் திருக்கேதீச்சரக் கோயிலைப் பாடிய சம்பந்தர்தான் திருவியமகம் என்ற பதிகமும் பாடினார், அது முழுக்க மடக்கு.

பல்லவி என்று வைத்தால் நீலக் கார் நின்ற இடத்தை எதில் சேர்ப்பீர்கள்? அதைச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். இப்போதைக்குப் பட்டியலில் மடக்குப் பகிடியை முதலாவதாகவும் உங்களுடையதை இரண்டாவதாகவும் போடுகிறேன். ஒருமுறை வந்த பகிடியை அதே மேடையில் கடைசியில் ஒரேயொரு தடவை தொட்டுவிட்டுப் போவார்களே, அதற்கு இன்னும் சொல் இல்லை. அடுத்த இழையில் அதைப் பார்ப்போம்.

– கிளிநொச்சியிலிருந்து