வராத இதழா, வெளிவராத இதழா?

கல்லூரி நூலகத்தில் பருவ இதழ்ப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு ஒரு கதை இல்லாமல் இருக்காது. என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் தொடரலாம்.

ஓய்வுபெறுவதற்கு முந்தின வருஷம் தணிக்கை. வந்த தம்பி பைண்டு வால்யூம்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "சார், 2020 ஏப்ரல், மே வார இதழ்கள் எங்கே? முழு வருஷச் சந்தா கட்டியிருக்கீங்களே?" ஊரடங்கில் பல இதழ்கள் அச்சாகவில்லை, இணையத்தில் மட்டும் வந்தன என்றேன். "அதை ரெஜிஸ்டரில் எழுதியிருக்கீங்களா?" எழுதவில்லை. நூலகமே பூட்டிக் கிடந்தபோது யார் எழுதுவது? எது வராமல் போனது, எது வெளிவரவே இல்லை என்று பிரித்துக் காட்ட ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்துக்கும் கடிதம் போட்டு, பதில் வாங்கி, கோப்பில் வைக்க மூன்று வாரம் ஆனது.

வெட்கமாக இருந்தது. நான் தொழில் கற்றது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த மூன்று அட்டை முறையில். இதழ் எந்த வாரம் வரவேண்டுமோ அந்த வாரத்தின் பெயர் போட்ட வழிகாட்டி அட்டைக்குப் பின்னால் அதன் சோதனை அட்டை நிற்கும். வந்ததும் பதிவு அட்டையில் குறித்துவிட்டு, சோதனை அட்டையை அடுத்த தவணைக்கு நகர்த்துவோம். வாரம் முடிந்தும் நகராமல் ஓர் அட்டை நின்றால் அன்றைக்கே ஏஜென்டுக்கு நினைவூட்டல் போகும். மூன்றாவது அட்டை பொருள்வாரியாக அடுக்கியது, வாசகர் கேட்டால் தேட. வந்ததை எழுதுவது எந்த நோட்டிலும் முடியும். வராததைக் காட்டிக்கொடுத்தது அந்த நகராத அட்டைதான். வார இதழைப் பத்து நாளுக்குள் கேட்டால் கிடைக்கும். பைண்டிங் நேரத்தில் தேடினால் பழைய பேப்பர் கடைதான் கதி.

●

ஐயா, நான் பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் இப்போது கோஹா என்கிற நூலக மென்பொருள். சந்தாவை ஏற்றும்போதே வார இதழா, மாத இதழா, எண் எப்படி ஓடும் என்று கொடுத்துவிட்டால் அடுத்த இதழ் என்றைக்கு வரவேண்டும் என்று அதுவே காட்டும். உங்கள் நகராத அட்டைதான், திரையில். 'வரவில்லை' என்பதற்கும் 'வெளியிடப்படவில்லை' என்பதற்கும் தனித்தனி நிலை உண்டு. ஆனால் தீபாவளி மலர் வந்தால் திண்டாட்டம்தான். மலருக்குத் தனி எண் இருக்காது, அந்த வாரத்து இதழும் கூடவே வரும். எங்கள் கிளையில் ஒரு வருஷம் மலரை வழக்கமான இதழாகப் பதிந்துவிட்டார்கள். அடுத்த ஆறு மாதமும் ஓர் எண் தள்ளியே ஓடியது!

●

ஆய்வு மாணவி நான். நூலகத்தார் கோபிக்கக் கூடாது. பழைய இதழ்களின் அட்டையைக் கிழித்துவிட்டு ஏன் பைண்டு செய்கிறீர்கள்? மலர் எண் (அதாவது வால்யூம் எண்), இதழ் எண், தேதி, விலை எல்லாம் பல பத்திரிகைகளில் அட்டையில் மட்டும்தான் இருக்கும். 1950களின் சிறுகதை ஒன்று எந்த மாதம் வந்தது என்று கண்டுபிடிக்க, உள்ளே இருந்த பொங்கல் விளம்பரத்தைத்தான் கடைசியில் நம்ப வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு ஓரம் வெட்டியதில் பக்க எண்ணும் பாதி போயிருந்தது.

●

மன்னிக்கவும் அம்மா, நாங்களும் கிழித்தவர்கள்தான். வால்யூம் கனமாகிறது, அட்டைத் தாள் பசையில் நிற்காது என்பார் பைண்டர். நாங்களும் சரி என்றுவிடுவோம்.

●

குற்றவாளி பக்கத்திலிருந்து ஒரு வாக்குமூலம். சிற்றிதழ் நடத்தியவன் நான். கையில் காசு இருந்தால் இதழ் வரும், இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்து '7-8' என்று போட்டு ஒரே இதழாக அனுப்புவோம். ஒருமுறை அச்சகத்தில் கவனிக்காமல் 13க்குப் பிறகு 15 என்று போட்டுவிட்டோம். ஒரு நூலகத்திலிருந்து 14ஆம் இதழ் கேட்டு இரண்டு வருஷம் நினைவூட்டல் வந்தது, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கறாராக. 'அப்படி ஓர் இதழே இல்லை' என்று போஸ்ட்கார்டு எழுதினேன். பல வருஷம் கழித்து அங்கே போனபோது எங்கள் வால்யூமை எடுத்துப் பார்த்தேன். முதுகில் வெள்ளை மையில் எழுதியிருந்தது: 'இதழ் 14 குறைவு'.

●

அந்தப் போஸ்ட்கார்டை வால்யூமுக்குள்ளேயே ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் ஊரென்றால் அதைத் தபால் கோப்பில் போட்டு, மூன்று வருஷத்தில் எடைக்குப் போட்டிருப்போம்.