விதிமுறை எல்லாருக்கும் ஒண்ணா இல்லைன்னு விலகினவங்க இருக்கீங்களா?

இரவுப்பறவை
கட்டற்ற கலைக்களஞ்சியம் ஒண்ணுல ஆறு வருஷம் எழுதினேன். மூணு மீளமைப்பு விதி இங்க பல பேருக்குத் தெரிஞ்சதுதான்: அடுத்தவர் செஞ்ச மாற்றத்தை ஒரே நாள்ல ஒரே கட்டுரையில மூணு தடவைக்கு மேல பழையபடி ஆக்கக்கூடாது. ஒரு மூலிகைக் கட்டுரையில பழைய பயனர் ஒருத்தர் "புற்றுநோயைக் குணப்படுத்தும்"னு சான்றே இல்லாம சேர்த்தார். எடுத்தேன். திரும்பப் போட்டார். மறுபடி எடுத்தேன். ராத்திரி முடியறதுக்குள்ள நான் நாலு, அவரும் நாலு. வரலாறு பக்கத்துல எட்டு வரியும் ரெண்டு பேரும் மாறி மாறி நிக்குது, எண்ணத் தெரிஞ்சா போதும்.

நான் வரம்பு மீறினது தப்புதான். எனக்கு 48 மணி நேரத் தடை. அவருக்கு? அவரோட பேச்சுப் பக்கத்துல நிர்வாகி எழுதினது ஒரே வரி: "அண்ணா, கொஞ்சம் பார்த்துக்கோங்க." பக்கத்துல ஒரு சிரிப்புப் பொம்மை.

தடையில இருந்தா சொந்தப் பேச்சுப் பக்கத்துல மட்டும்தான் எழுத முடியும். அங்க முறையிட்டேன். தடை முடிஞ்சு மூணு மணி நேரம் கழிச்சுப் பதில் வந்தது: "தடை முடிந்துவிட்டதால் இக்கோரிக்கை மூடப்படுகிறது." புற்றுநோய் வரி அந்த ரெண்டு நாளும் கட்டுரையில அப்படியே இருந்தது. தடையைக்கூட மறந்துட்டேன். அந்தச் சிரிப்புப் பொம்மை மட்டும் மறக்கல.

கேள்விக்குறி
என்னுடையது சின்ன விஷயம். கேள்வி-பதில் தளம். நான் கேட்டதை "ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்று பத்தே நிமிடத்தில் மூடினார்கள். சரி. சில மாதம் கழித்து அதே கேள்வியை, ஏறக்குறைய அதே சொற்களில், அதிகப் புள்ளி வைத்திருந்த ஒருவர் கேட்டார். ஆளாளுக்கு வாக்குப் போட்டார்கள். "இதுவும் ஏற்கெனவே கேட்கப்பட்டதுதானே?" என்று என் பழைய இணைப்பைக் கீழே கொடுத்தேன். கருத்தை நீக்கிவிட்டார்கள், காரணம் "நட்பான தொனி இல்லை". அன்றைக்கு வெளியேறியவன்தான்.

பூட்டுச்சாவி
இரவுப்பறவை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வேறொரு குழுவில் நான்கு வருடம் மட்டுறுத்துநராக, அதாவது விதி மீறும் பதிவுகளைக் கவனித்து நடவடிக்கை எடுப்பவனாக, இருந்தவன். சம்பளம் கிடையாது, வேலை முடித்து வந்து உட்கார்ந்தால் புகார் வரிசை நீண்டு கிடக்கும். அந்த வரிசையில் புதியவர்கள் பெயர்தான் இருக்கும். பழையவர்மீது யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். வராத புகாரை எப்படி விசாரிப்பது? உங்கள் விஷயத்தில் அந்த நிர்வாகிக்கு வந்தது ஒரே புகாராக இருக்கலாம், அதைக் கொடுத்தது அந்த "அண்ணா"வாகவே இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் ஓரவஞ்சனை போலத்தான் தெரியும்.

இவ்வளவு பேசிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஒருநாள் ஒரே திரியில் இரண்டு பேர் ஒரே வசவைப் பயன்படுத்தியிருந்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்று. முதல் ஆளை யோசிக்காமல் நீக்கினேன். அடுத்தவர் பெயரைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது, நான் சேர்ந்த புதிதில் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவர். "அவர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார்" என்று குறிப்பு எழுதிப் புகாரை மூடினேன். முதல் ஆள் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. அந்த வாரமே பொறுப்பை விட்டேன்.

கேள்விக்குறி
புகாரே வரவில்லை என்று ஆரம்பித்துவிட்டு, வந்த புகாரை மூடிய கதையில் முடிக்கிறீர்கள். எது உண்மை?

பூட்டுச்சாவி
இரண்டும்.

அரைப்புள்ளி
மட்டுறுத்துநர்களை மட்டுமே பழி சொல்ல முடியாது. ரஸ்ட் என்ற கணினி நிரல்மொழியின் சமூகத்தில் 2021 நவம்பரில் மட்டுறுத்தல் குழு மொத்தமாக விலகியது நினைவிருக்கிறதா? திட்டத்தை வழிநடத்திய மையக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லும் நிலையில் இல்லை என்பதுதான் அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. விதியைக் காக்க வந்தவர்களாலேயே மேலே இருப்பவர்கள்மீது அதைப் பயன்படுத்த முடியவில்லை. நான் இருந்த மென்பொருள் திட்டம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் கதை அதேதான். நடத்தை விதித் தொகுப்பை மொழிபெயர்த்ததே நான். "பதவி, அனுபவம் பாராமல் அனைவருக்கும் பொருந்தும்" என்ற வரிக்கு அரை நாள் சொல் தேடினேன். அடுத்த மாதம் தலைமைப் பராமரிப்பாளர் ஒரு புதுப் பையனை "மூளை இல்லையா" என்று கேட்டார். அதற்குக் கீழே அந்த வரியை எடுத்து ஒட்டினேன். "சூழலைப் பாருங்கள்" என்றார்கள்.

நிதானம்
நானும் ஒரு குழுவிலிருந்து விலகியவன்தான், அதை விடுங்கள். விலக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோபத்தில் கணக்கை அழிக்காதீர்கள். அழித்தால் பல இடங்களில் உங்கள் பெயர் போய்விடும், எழுத்து அங்கேயே இருக்கும். பிறரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் முடியாது. எழுதியதற்கெல்லாம் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். முறையிடுவதாக இருந்தால் "எனக்கு மட்டும் ஏன்" என்று தொடங்கவே கூடாது. தேதி, நேரம், இரண்டு திருத்தங்களின் இணைப்பு, அவ்வளவுதான். பிரியாவிடைக் கடிதம் எழுதாதீர்கள், எழுதினால் நாலு நாளில் திரும்பி வரத் தோன்றும், வரவும் கூச்சமாக இருக்கும். மாற்றம் வந்தால் தெரிந்துகொள்ள நீங்கள் குறித்து வைத்த பக்கங்களின் கவனிப்புப் பட்டியலைக் காலி செய்யுங்கள், மின்னஞ்சல் அறிவிப்பை நிறுத்துங்கள். வேறு குழுவில் சேர்வதற்கு முன் அங்கே யார் யாரைத் தடைசெய்திருக்கிறார்கள் என்று தடைப் பதிகையைப் புரட்டிப் பாருங்கள், வரவேற்புப் பக்கத்தைவிட அது நிறையச் சொல்லும்.

இரவுப்பறவை
யாரும் அறிவுரை கேட்கல நிதானம், இருந்தாலும் நன்றி. பூட்டுச்சாவி, புகார் கொடுத்தது அந்த "அண்ணா"வா இருக்கும்னு இதுவரைக்கும் எனக்குத் தோணினதே இல்லை. போய்ப் பார்த்தேன். அவரேதான்.

கவனிப்புப் பட்டியலை மட்டும் இன்னும் காலி பண்ணல. நேத்து அதுல ஒரு கட்டுரையில "வேர்" "வேற்"னு இருந்தது. தொகு பொத்தானை அழுத்தி, திருத்தி, சேமிக்காம மூடிட்டேன்.