டிஸ்ஆனர்ட் 2: ஹை கேயாஸ் சேவ் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பாருங்கள். டிஸ்ஆனர்ட் 2 என்ற வீடியோ கேமில் நாயகி எமிலியின் வசனங்களைத் தமிழில் பேசிப் பதிவு செய்கிறோம். 2012-ல் வந்த முதல் பாகத்தில் நாயகனான எமிலியின் அப்பா கார்வோ வாயே திறக்கமாட்டார். 2016-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவருக்கு ஸ்டீபன் ரஸ்ஸல், எமிலிக்கு எரிகா லட்ரெல் குரல் கொடுத்தார்கள். கொல்லாமல் ஆடினால் ஒரு தொனி, வெட்டிக்கொண்டே போனால் (அதுதான் ஹை கேயாஸ்) இன்னொரு தொனி. அந்த இரண்டாவதுதான் எங்களிடம் இல்லை. பிசி சேவ் (ஆட்டத்தைச் சேமித்த கோப்பு), கிளாக்வொர்க் மாளிகை என்ற கட்டத்தின் தொடக்கத்தில் இருந்தால் போதும்.

இன்னொரு சிக்கல்: கொல்லாத ஆட்டத்தில் கடைசிக் கணக்கில் 1 கொலை வருகிறது. மயங்கியவர் தண்ணீரில் விழுந்தாலும் உயரத்திலிருந்து விழுந்தாலும் செத்துவிடுவார். டாமினோவில் (ஒருவருக்கு நடப்பது மற்றவர்களுக்கும் நடக்கும்படி கோக்கும் எமிலியின் சக்தி) கோத்த காவலர்களில் ஒருவர் விளிம்பில் நின்றால் இதுதான் நடக்கும். வேறு காரணம் தெரிந்தால் சொல்லுங்கள்.

குரல் தர விரும்பும் பெண்கள் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக அனுப்புங்கள். ஃபேன் இரைச்சலைப் பிறகு நீக்கினால் குரலின் மூச்சும் போய்விடும். நம்ம ஊர் வெயிலுக்கு விடியற்காலையில் ஃபேனை நிறுத்திப் பேசுவதே நல்லது.