மறு: வீடியோ ரவுட்டருக்குத் 'திசைவி' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> வீட்டு வைஃபை ரவுட்டருக்குத் 'திசைவி' என்று நிலைத்துவிட்டது. ஒளிபரப்பு நிலையத்தில் இருக்கும் வீடியோ ரவுட்டருக்கும் அதையே வைத்தால் என்ன?

பெயர்தான் ஒன்று, வேலை வேறு ஐயா. இணையத் திசைவி வந்த தரவுப் பொட்டலத்தின் முகவரியைப் படித்து, அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தானே தீர்மானிக்கிறது. வீடியோ ரவுட்டர் எதையும் படிப்பதில்லை. எந்தக் கேமரா எந்த மானிட்டருக்கு என்று கட்டுப்பாட்டுப் பேனலில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார், அது செய்யும்.

உள்ளே உள்ளீட்டு அட்டைகள், வெளியீட்டு அட்டைகள், இடையில் கிராஸ்பாயின்ட் (உள்ளீடும் வெளியீடும் சந்திக்கும் புள்ளி) அட்டை. நிரையெல்லாம் உள்ளீடு, நிரலெல்லாம் வெளியீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரலில் ஒரே ஒரு புள்ளிதான் இணைந்திருக்கும். ஒரு நிரையில் எத்தனை புள்ளி வேண்டுமானாலும் இணையலாம்.

ரவுட்டருக்கு 'மடைமாற்றி' என்று போன மடலில் வந்த சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மடையை மாற்றினால் முதல் வயல் காயும். இங்கே மூன்றாம் கேமராவை ரெக்கார்டருக்குக் கொடுத்தால் ஸ்விட்சருக்கு (ஒளிபரப்புக்குப் படம் தேர்ந்தெடுக்கும் கருவிக்கு) போவது நிற்காது; இருபது இடத்துக்குக் கொடுத்தாலும் படம் மங்காது. அதனால் அந்தச் சொல் வேண்டாம் என்பேன்.

என் பரிந்துரை: கிராஸ்பாயின்ட் = சந்தி, ரவுட்டர் = சந்தியணி. மேட்ரிக்ஸுக்கு 'அணி' என்று நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. முதலில் 'இணைப்பணி' என்று யோசித்தேன். அதை 'இணை வேலை' என்றும் படிக்கலாம் என்பதால் விட்டுவிட்டேன். தப்பான சந்தியை அழுத்தி, ஒளிபரப்பில் வேறு படம் போனால் ஊர் சந்தி சிரிக்கும் என்பது உபரிப் பொருத்தம்.

அணி என்பது கணக்குக்கும் உதவும். 16-க்கு 16 என்றால் 256 சந்தி. இருபக்கமும் இரட்டித்து 32-க்கு 32 ஆக்கினால் 1,024. இப்படி ஏறுவதால்தான் ஒரே பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சின்னப் பெட்டிகளை வாங்கி, நடுவில் இரண்டையும் இணைக்கும் சில டை-லைன் கேபிள் போட்டுச் சமாளிக்கிறார்கள். அங்கேதான் நிர்வாகமே தலைவலி: இந்தப் பெட்டியில் உள்ளீடு இருக்கும், அந்தப் பெட்டியில் வெளியீடு காலியாக இருக்கும், டை-லைன் மட்டும் தீர்ந்திருக்கும். டை-லைனுக்கு 'இடைத்தடம்' என்று நான் எழுதிவருகிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

சந்தியை நினைத்த நொடியில் மாற்றவும் கூடாது. படம் துள்ளாமல் இருக்க, செங்குத்து இடைவெளிக்குள் (ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் இடைவெளி) குறித்த வரியில் மாற்ற வேண்டும்: பழைய 625 வரி முறையில் 6-ஆம் வரி, எச்.டி.யின் 1080-இல் 7-ஆம் வரி. அதற்கு ரவுட்டருக்கும் மூலக் கருவிகளுக்கும் ஒரே ரெஃபரன்ஸ் (நேரத்தை ஒத்திசைக்கும் சிக்னல்) போக வேண்டும். சாலிகிராமத்துச் சின்ன ஸ்டுடியோ ஆனாலும், சேப்பாக்கம் மைதானத்து வாசலில் நிற்கும் ஓ.பி. வேன் (வெளிப்புற ஒளிபரப்பு வண்டி) ஆனாலும் விதி இதுதான்.

> எல்லாம் ஐ.பி.க்கு, அதாவது கணினி வலையமைப்புக்குப் போகிறதே. அதில் வீடியோ அனுப்பும் தரநிலையான எஸ்.டி. 2110 (ST 2110) வந்தபின் உங்கள் சந்தி எங்கே இருக்கும்?

நியாயமான கேள்வி. அங்கே கேபிள் குறுக்கிடும் புள்ளி கிடையாது. பெறும் கருவி ஒரு மல்டிகாஸ்ட் குழுவை (ஒரே படத்தைப் பலர் பெறும் வலைக் குழு) விட்டு இன்னொன்றில் சேர்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆபரேட்டரின் திரையில் அதே நிரை, அதே நிரல். அணி மென்பொருளுக்குள் போய்விட்டது, மறையவில்லை. அதனால் பெயர் தாங்கும் என்றே நினைக்கிறேன்.

சோர்ஸுக்கு 'மூலம்' என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். 'மூலம் 1, மூலம் 2' என்று பேனலில் ஒட்டினால் ஷிப்டு முழுக்கச் சிரிப்புதான். 'உள்ளீடு' போதும்.

மறுமொழி:

அண்ணே, சந்தியணிக்கு என் ஓட்டு. வேனில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு சேர்க்கிறேன். சந்தியை யாரும் மாற்றிவிடாமல் காக்கும் லாக், ப்ரொடெக்ட் இரண்டையும் 'பூட்டு' என்று எழுதிவிடாதீர்கள். லாக் போட்டால், போட்டவர்கூட அதைத் திறக்காமல் மாற்ற முடியாது. ப்ரொடெக்ட் போட்டவர் மாற்றலாம், மற்றவர் முடியாது. முதலாவது பூட்டு, இரண்டாவது காவல். அடுத்தது சால்வோ: ஒரே பட்டனில் பல சந்திகள் மொத்தமாக மாறுவது. அதிகாரிகளை மாற்றும்போது பேப்பரில் 'கூண்டோடு மாற்றம்' என்று போடுவார்களே, அதையே எடுத்துக் 'கூண்டுமாற்று' என்று வைக்கலாமா? 'ஒருசேர மாற்று' சரிதான், ஆனால் பட்டனில் இடம் பத்தாது.